காலி நாற்காலிகளின் அதிகாரம்

உலக ஒழுங்கு குலைகிறது என்று சொன்னால் நம் கண்முன் முதலில் வருவது போர்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யப் படைகள், காஸாவின் இடிபாடுகள், பசியில் வாடும் சூடான் முகாம்கள். இவற்றின் கொடுமையைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆனால் விதியை மீறுவது ஒன்று. விதி மீறப்பட்டதா என்று சொல்ல ஆளே இல்லாமல் செய்வது வேறொன்று. முதலாவது பழைய நோய். இரண்டாவது நம் காலத்தில் முற்றியிருக்கிறது, அதைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. ஜெனீவாவில் ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் உலக வர்த்தக அமைப்பின் தலைமையகத்தில் மேல்முறையீட்டு மன்றம் ஒன்று உண்டு. அதற்கு ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். 2020 நவம்பர் 30 அன்று கடைசி உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து அங்கே ஒருவரும் இல்லை. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, எந்த நாடும் வெளியேறவில்லை. இருந்தும் 160-க்கும் மேற்பட்ட நாடுகளின் வணிக வழக்குகளுக்கு இறுதித் தீர்ப்பு சொல்லும் இடம் செயலற்றுக் கிடக்கிறது. சர்வதேச ஒழுங்கு இன்று இந்த வழியில்தான் அதிகம் சிதைகிறது என்பதும், இதைத் தடுக்க நம்மைப் போன்ற நாடுகளால் முடியும் என்பதும்தான் இன்றைய என் வாதம்.

அந்த ஏழு பேர் எதற்காக என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1947-ல் உருவான காட் என்ற வர்த்தக ஒப்பந்தத்திலும் தகராறுகளை விசாரிக்கும் முறை இருந்தது. ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கையை எல்லா நாடுகளும் ஒருமனதாக ஏற்றால்தான் அது செல்லும். தோற்ற நாடும் அந்த 'எல்லா'வுக்குள் அடக்கம். குற்றவாளி கையெழுத்திட்டால்தான் தீர்ப்பு என்ற நிலை. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது இதைத் தலைகீழாக்கினார்கள். இனி அறிக்கை தானாகவே ஏற்கப்படும். எல்லா நாடுகளும், வென்ற நாடும் சேர்ந்து, ஒருமனதாக வேண்டாம் என்றால் மட்டுமே அது தள்ளப்படும். வென்றவர் அப்படிச் சொல்லப்போவதில்லை என்பதால் தீர்ப்பு உறுதியாயிற்று. இவ்வளவு உறுதியான தீர்ப்பில் பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்ற கவலையில்தான் மேல்முறையீட்டு மன்றத்தை அமைத்தார்கள். ஏழு பேர், நான்காண்டுப் பதவிக்காலம், ஒரு முறை மட்டும் நீட்டிப்பு, ஒரு வழக்குக்கு மூவர். வல்லரசு ஒன்று சின்னஞ்சிறு நாட்டின் முன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட இடங்கள் உலகில் மிகக் குறைவு. அவற்றுள் இது ஒன்று.

அது எப்படி வேலை செய்தது என்பதற்கு நம் கடலோடு தொடர்புள்ள வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இறால் பிடிக்கும் இழுவை மடிகளில் கடலாமைகள் சிக்கி மூச்சுத் திணறிச் சாகின்றன. ஆமை தப்பித்து வெளியேறுவதற்கான கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை வாங்கக்கூடாது என்று அமெரிக்கா 1989-ல் சட்டம் செய்தது. முதலில் கரீபியன் வட்டாரத்துக்கு மட்டும் பொருந்திய அந்தத் தடையை, 1995 டிசம்பரில் வந்த அமெரிக்க நீதிமன்ற உத்தரவின்படி 1996 மே முதல் உலகம் முழுவதற்கும் விரித்தார்கள். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் ஜெனீவாவுக்குப் போயின. மேல்முறையீட்டை விசாரித்த மூவர் பிலிப்பைன்ஸின் பெலிசியானோ, உருகுவேயின் லகார்த்தே-முரோ, அமெரிக்காவின் ஜேம்ஸ் பாக்கஸ். 1998 அக்டோபர் 12-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் நேர்த்தியைக் கவனிக்க வேண்டும். ஆமையைக் காப்பது நியாயமான நோக்கம், அதற்காக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தவும் இடமுண்டு என்று அமெரிக்கா பக்கம் நின்றது. அடுத்து, அந்த நோக்கத்தைச் செயல்படுத்திய விதத்தை எடுத்துக்கொண்டது. கரீபியன் நாடுகளுக்கு மாறிக்கொள்ள மூன்று ஆண்டுகள். ஆசிய நாடுகளுக்கு நான்கு மாதங்கள். சில நாடுகளோடு உட்கார்ந்து பேசி உடன்படிக்கை. மற்றவற்றுக்கு அதுவும் இல்லை. அனுமதி மறுக்கப்பட்ட நாட்டின் பேச்சைக் கேட்கவில்லை, எழுத்தில் காரணம் தரவில்லை, மறுபரிசீலனைக்கு வழி வைக்கவில்லை. இது பாரபட்சம் என்று மூவரும் தீர்ப்பளித்தார்கள்.

அமெரிக்கா சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் அதைச் செயல்படுத்தும் நெறிமுறைகளை 1999-ல் திருத்தியது. ஆசிய நாடுகளோடு ஆமைப் பாதுகாப்பு பற்றிப் பேசத் தொடங்கியது. மலேசியா திரும்பவும் வழக்குக்குப் போனபோது, இப்போது அமெரிக்கா செய்வது சரி என்று 2001-ல் அதே மன்றம் சொன்னது. 2019 மே மாதம் முதல், கடலில் பிடிக்கும் இந்திய இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. காரணம் அதே கருவிதான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்த நாம், அந்தக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்த வழக்கில் ஆமைக்கும் மீனவருக்கும் ஒருசேர இடம் கிடைத்தது. வலியவர் தன் நோக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை, அதை எளியவர் மேல் திணிக்கும் முறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். உலக ஆட்சிமுறை என்று எதையாவது நாம் கோரலாம் என்றால் இதைவிட அதிகமாக ஒன்றும் கோரத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மன்றம் ஒரே நாளில் மூடப்படவில்லை. 2016 மே மாதம், ஒபாமா ஆட்சியில், தென்கொரியாவைச் சேர்ந்த உறுப்பினர் சங் வா சாங்கின் இரண்டாம் பதவிக்காலத்துக்கு அமெரிக்கா ஒப்புதல் தர மறுத்தது. அவர் பங்கேற்ற தீர்ப்புகள் பிடிக்கவில்லை என்பது காரணம். அதை மறைக்கவும் இல்லை. ஒரு நீதிபதியை அவர் எழுதிய தீர்ப்புக்காக வெளியேற்றுவது எவ்வளவு பெரிய செயல் என்பது அன்று போதுமான அளவு உணரப்படவில்லை. 2017 முதல் டிரம்ப் நிர்வாகம் எந்தக் காலியிடத்தையும் நிரப்ப விடவில்லை. 2019 டிசம்பர் 10-ல் இந்தியாவின் உஜல் சிங் பாட்டியாவும் அமெரிக்காவின் தாமஸ் கிரகாமும் விடைபெற்றபோது எஞ்சியவர் சீனாவின் ஹாங் ஜாவோ ஒருவரே. மூவர் இல்லாமல் அமர்வு இல்லை. அவரும் அடுத்த ஆண்டு போனார். பைடன் ஆட்சி வந்தும் நிலை மாறவில்லை. தேர்வைத் தொடங்குவோம் என்று 130 உறுப்பினர்கள் கூட்டாகக் கோரிக்கை வைப்பதும், அமெரிக்கப் பிரதிநிதி மறுப்பதும், பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படுவதும் மாதாந்தரச் சடங்காகிவிட்டது. 2022 ஜூனில் ஜெனீவாவில் கூடிய அமைச்சர்கள், 2024-க்குள் முழுமையாக இயங்கும் தீர்வு முறையை மீட்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2024 முடிந்தது. மன்றம் திறக்கவில்லை.

அமெரிக்காவின் குறைகள் பொய்யானவை அல்ல. அவற்றை எடைபோடாமல் தாண்டிப் போவது நேர்மையாகாது. மேல்முறையீட்டை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. மன்றம் அதைப் பல முறை மீறியது. பதவிக்காலம் முடிந்த உறுப்பினர்கள் தங்களிடமிருந்த வழக்குகளைத் தொடர்ந்து விசாரித்தார்கள். ஒப்பந்தத்தில் இல்லாத கடமைகளைத் தீர்ப்பின் வழியே உண்டாக்கியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. இதன் மையத்தில் இருப்பது பொருள்குவிப்புத் தடுப்பு வரி பற்றிய ஒரு கணக்கு முறை. ஒரு நாட்டின் பொருள் அமெரிக்காவில் அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டதா என்று பார்க்கும்போது, கூடுதல் விலைக்கு விற்ற கணக்கையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டு, குறைந்த விலைக்கு விற்றதை மட்டும் கூட்டுவார்கள். ஏறக்குறைய எந்தச் சரக்கும் இதில் குற்றவாளிதான். மன்றம் இதை வழக்குக்கு வழக்கு தள்ளியது. நடைமுறைக் குறைகளைச் சரிசெய்ய 2019-ல் நியூசிலாந்துத் தூதர் டேவிட் வாக்கர் ஒரு வரைவைத் தயாரித்தார்: 90 நாள் கெடு கட்டாயம், பதவிக்காலம் தாண்டி வழக்கு இல்லை, பழைய தீர்ப்பு முன்னுதாரணமாகக் கட்டுப்படுத்தாது. கேட்டதில் பெரும்பகுதி அதில் இருந்தது. அமெரிக்கா அதையும் ஏற்கவில்லை. குறையைத் தீர்க்க வந்தவருக்கும் குறையை வைத்துக்கொண்டே இருக்க விரும்புபவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில் தெளிவாகிவிட்டது.

மன்றம் இல்லாவிட்டால் கீழ்நிலை விசாரணைக் குழு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். குழு இருக்கிறது, தீர்ப்பும் வருகிறது. ஆனால் தோற்ற நாடு மேல்முறையீடு செய்யும் உரிமையை இழக்கவில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை கீழ்த் தீர்ப்பு செல்லாது. விசாரிக்க யாருமே இல்லாத மன்றத்தில் மனு போட்டுவிட்டால் வழக்கு காலவரையின்றி உறங்கும். 1995-க்கு முன்னிருந்த பழைய நோய் வேறு வாசல் வழியாகத் திரும்பிவிட்டது. மன்றம் முடங்கிய அடுத்த வாரமே, 2019 டிசம்பர் 18-ல், இந்திய எஃகு பற்றிய வழக்கில் அமெரிக்கா இப்படி மனு போட்டது. நிக்கல் ஏற்றுமதித் தடை வழக்கில் தோற்ற இந்தோனேசியா 2022-ல் போட்டது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லி எஃகுக்கும் அலுமினியத்துக்கும் போட்ட வரி தவறு என்று 2022 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது, தேசப் பாதுகாப்பை எந்தக் குழுவும் விசாரிக்க முடியாது என்று சொல்லி அமெரிக்கா மறுபடியும் போட்டது. இந்த வரிசையில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது. கரும்பு விலையும் சர்க்கரை மானியமும் விதிக்குப் புறம்பானவை என்று பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் நாம் தோற்றோம். உடனடியாக மேல்முறையீடு செய்தோம். கைப்பேசி முதலான மின்னணுச் சரக்குகளுக்கான வரி வழக்குகளில் 2023-ல் அதையே செய்தோம். சட்டப்படி நமக்கு அந்த உரிமை உண்டு. வேறு நாடுகள் செய்கின்றனவே என்பதும் உண்மை. ஆனால் மன்றம் திறக்க வேண்டும் என்று 130 பேரோடு சேர்ந்து குரல் கொடுக்கும் நாடு, அது மூடியிருப்பதால் கிடைக்கும் வசதியையும் அனுபவிக்கும்போது, அந்தக் குரலின் வலு குறைகிறது.

இதன் விலை என்ன என்பதை 2025 ஆகஸ்டு காட்டியது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை என்று சொல்லி, இந்தியச் சரக்குகளுக்கு ஏற்கெனவே அறிவித்த 25 சதவீதத்தோடு இன்னொரு 25 சதவீதத்தை அமெரிக்கா சேர்த்தது. ஆகஸ்டு 27 முதல் பல சரக்குகளுக்கு 50%. எல்லா உறுப்பு நாடுகளையும் சமமாக நடத்த வேண்டும் என்பது காட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு; ஒப்புக்கொண்ட வரி வரம்பைத் தாண்டக் கூடாது என்பது இரண்டாவது பிரிவு. இரண்டும் ஒரே அறிவிப்பில் அடிபட்டன. திருப்பூரின் பின்னலாடைக்கு அமெரிக்கா மிகப் பெரிய சந்தை. அங்குள்ள ஏற்றுமதியாளர் ஆர்டரைப் பிடித்து வைத்துக்கொள்ள விலையைக் குறைப்பதா, வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் விட்டுக்கொடுப்பதா என்று கணக்குப் போட்டார். தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது ஓவர்டைம் இல்லாத வாரமாக வந்து சேர்ந்தது. பிரேசில்மீதும் அதே ஆகஸ்டில் 50% விழுந்தது. அது ஜெனீவாவில் வழக்குப் பதிவு செய்தது. வென்றாலும் இறுதித் தீர்ப்பு கிடைக்காது என்று தெரிந்தே செய்தது. இதே வகை வரிகளுக்கு எதிராக உயிருள்ள தீர்ப்புகள் வந்த இடம் அமெரிக்காவின் உள்நாட்டு நீதிமன்றங்கள்தான், 2025 மே மாதத்திலும் ஆகஸ்டிலும். அங்கே வழக்காடியவர்கள் அமெரிக்க வணிகர்களும் மாகாணங்களும். விவாதமும் அமெரிக்க அதிபருக்கு அந்த நாட்டுச் சட்டம் எவ்வளவு அதிகாரம் தந்திருக்கிறது என்பது பற்றி. திருப்பூரின் நியாயம் அந்த மேடையில் ஒரு கேள்வியாகக்கூட எழவில்லை. வரி விகிதம் பேச்சுவார்த்தைக்குப் பேச்சுவார்த்தை ஏறும், இறங்கும். ஆனால் உரிமையாகக் கேட்க வேண்டியதைச் சலுகையாகக் கேட்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். இழப்பு அதுதான்.

இங்கே வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1930-களில், ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கத்தை உடைத்தவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மஞ்சூரியா பற்றிய அறிக்கை ஏற்கப்பட்டதும் 1933 பிப்ரவரியில் ஜப்பானியக் குழு எழுந்து போனது. அக்டோபரில் ஜெர்மனி, 1937-ல் இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு வல்லரசு வெளிநடப்பைச் சோதித்துப் பார்த்தது. மக்கள் சீனத்துக்கு இடம் தரவில்லை என்று 1950 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் பாதுகாப்பு அவையைப் புறக்கணித்தது. ஜூனில் கொரியப் போர் வெடித்தபோது சோவியத் இருக்கை காலி. வராதவரின் மௌனம் தடை வாக்கு ஆகாது என்ற நடைமுறைப்படி அவை தீர்மானங்களை நிறைவேற்றியது. ஆகஸ்டு 1 அன்று சோவியத் பிரதிநிதி திரும்பி வந்தார். அதன் பிறகு அப்படிப்பட்ட புறக்கணிப்பு நடக்கவில்லை. வல்லரசுகள் கற்ற பாடம் எளியது: வெளியே போனால் அதிகாரம் போகும், உள்ளே இருந்து தடுத்தால் அதிகாரம் நிற்கும்.

அந்தப் பாடம் இப்போது எல்லாக் கட்டடங்களிலும் நடைமுறையாகியிருக்கிறது. வடகொரியா மீதான தடைகள் இன்றும் அமலில் உள்ளன; அவை மீறப்படுகின்றனவா என்று கண்காணித்த நிபுணர் குழுவின் நீட்டிப்பை 2024 மார்ச்சில் ரஷ்யா தடுத்தது, ஏப்ரல் இறுதியில் குழு கலைந்தது. தடை இருக்கிறது, கண்காணிப்பு இல்லை. சிரியாவின் வடமேற்கு மக்களுக்கு எல்லை தாண்டி உதவி செல்வதற்கான அனுமதி 2023 ஜூலையில் இப்படித்தான் காலாவதியானது. ஐ.நா.வின் வழக்கமான செலவில் 22% அமெரிக்காவின் பங்கு. அது தாமதமாக வந்தாலும் வராவிட்டாலும் அமைப்பு முடங்கும். 2019 அக்டோபரில் நியூயார்க் தலைமையகத்தின் நகரும் படிக்கட்டுகளைக்கூட நிறுத்தினார்கள். உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் பதவியே 2020 ஆகஸ்டு இறுதி முதல் பல மாதங்கள் காலியாகக் கிடந்தது. ஏனைய உறுப்பினர்கள் நைஜீரியாவின் ஒகோஞ்சோ-இவியாலாவை ஏற்கத் தயாராக இருந்தும் அமெரிக்கா மட்டும் ஒப்பவில்லை. ரஷ்யாவும் அமெரிக்காவும் பெரும்பாலானவற்றில் எதிரெதிர். இந்த முறையில் ஒன்றுபோல நடக்கின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சர்வதேசச் சட்டம் என்றைக்கு வல்லவரைக் கட்டுப்படுத்தியது, இருந்ததே மாயை, அது போனால் என்ன என்பது அது. ஆன்டிகுவா பார்புடாவின் கதையை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்தத் தீவு நாடு இணைய சூதாட்ட வழக்கில் அமெரிக்காவை 2005-ல் தோற்கடித்தது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்கலாம் என்று 2007-ல் அனுமதியும் பெற்றது. பயன் எதுவும் அதன் கைக்கு வந்து சேரவில்லை. உண்மை. ஆனால் அந்த ஒரு வழக்கை வைத்து எல்லாவற்றையும் அளப்பது பிழை. மன்றத்தின் முதல் வழக்கே 1996-ல் வெனிசுவேலாவும் பிரேசிலும் அமெரிக்காவின் பெட்ரோல் விதிகளை எதிர்த்துப் போட்டது. அமெரிக்கா தோற்றது, விதியைத் திருத்தியது. உள்ளாடை இறக்குமதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 1997-ல் கோஸ்டா ரிகா வென்றது. இறால் வழக்கை முன்பே பார்த்தோம். அந்த மன்றம் ஒன்றையும் கட்டுப்படுத்தவில்லை என்றால் அதை முடக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? பல்லில்லாத பாம்பின் வாயை யாரும் கட்டுவதில்லை.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. எனக்கு அது மிகவும் முக்கியம். கருத்தொருமிப்பு என்ற விதிதான் ஏழை நாடுகளின் கவசம், அதில் கை வைக்காதீர்கள் என்பார்கள். இதில் பெரிய உண்மை இருக்கிறது. 1986-88 காலத்து விலையை அளவுகோலாக வைத்து இன்றைய நெல் கொள்முதலை மானியம் என்று கணக்கிடும் விதி அங்கே இருக்கிறது. உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் மீறல். 2014 ஜூலையில் இந்தியா வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது, அதனால்தான் உணவுக் கையிருப்புத் திட்டங்கள் மீது வழக்குப் போடுவதில்லை என்ற பாதுகாப்பு அந்த நவம்பரில் காலவரம்பின்றி உறுதியானது. காவிரிப் படுகையின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் ரேஷன் கடை அரிசிக்கும் ஜெனீவாவில் கிடைத்த கேடயம் அந்த ஒற்றை நாட்டின் மறுப்பு. அதை நான் ஒருபோதும் விட்டுத்தரச் சொல்ல மாட்டேன். ஆனால் புது விதிக்கு ஒப்பாமல் இருப்பது வேறு, ஒப்புக்கொண்ட விதியை நடத்த ஆள் போடாமல் இருப்பது வேறு. ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதை ஊரே கூடி ஒப்புக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். யாரும் அதில் மறுக்கலாம். முடிவான பிறகு, தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியை நியமிக்க மேல்மடைக்காரர் ஒருவரே சம்மதிக்க மாட்டேன் என்றால், அந்த ஊரில் முறைவைத்துப் பாய்ச்சுவது நின்றுவிடும். தண்ணீர் யார் வயலில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலியிடம் ஏற்படும்போது நிரப்ப வேண்டும் என்று தகராறுத் தீர்வு ஒப்பந்தத்தின் 17-வது பிரிவே கடமையாக விதிக்கிறது. அதற்கு ஒவ்வொரு நாடும் கையெழுத்திட்டு ஒப்பியிருக்கிறது. ஆகவே நியமனத்தில் காட்டும் பிடிவாதம் இறையாண்மையின் உரிமை என்பதைவிட, கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமை என்பதே பொருந்தும்.

அப்படியானால் வாக்கெடுப்பில் நியமிக்கலாமா? உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் கருத்தொருமிப்பு கிடைக்காத இடத்தில் வாக்கெடுப்பை அனுமதிக்கிறது. ஆனால் தகராறுத் தீர்வுக் குழு கருத்தொருமிப்பால்தான் முடிவெடுக்கும் என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறது. சட்ட அறிஞர்கள் இதில் பிரிந்து நிற்கிறார்கள். நிரப்பும் கடமை ஒட்டுமொத்த உறுப்பினர்களுடையது, ஆகவே உயர் அமைப்பான பொதுக் குழு வாக்கெடுக்கலாம் என்ற வாதமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. அப்படிச் செய்தால் அமெரிக்கா வெளியேறிவிடும் என்ற அச்சம் அடுத்து எழும். வெளியேறலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் 2017-ல் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்ற நீதிபதிகளைப் பொது அவையும் பாதுகாப்பு அவையும் தனித்தனியே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றன. அங்கே தடை வாக்குச் செல்லாது. கடைசி இடத்துக்கு இந்தியாவின் தல்வீர் பண்டாரியும் பிரிட்டனின் கிறிஸ்டபர் கிரீன்வுட்டும் மோதினார்கள். பாதுகாப்பு அவை பிரிட்டன் பக்கம் சாய்ந்தது, பொது அவை இந்தியாவின் பக்கம் உறுதியாக நின்றது. நவம்பர் 20-ல் பிரிட்டன் விலகிக்கொண்டது. 1946-ல் அந்த நீதிமன்றம் தொடங்கிய பிறகு பிரிட்டிஷ் நீதிபதி இல்லாமல் போனது அதுவே முதல் முறை. பிரிட்டன் வருந்தியது, நீதிமன்றத்தில் தொடர்ந்தது. நாற்காலியை நிரப்பும் விதி உறுதியாக இருந்தால் வல்லரசுக்கும் தோற்கத் தெரியும். வாக்கெடுப்பு எட்டாத இடத்தில் தடுப்பதற்கு ஒரு விலையாவது வைக்கலாம். லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாடு முன்னெடுத்து 2022 ஏப்ரல் 26-ல் பொது அவை நிறைவேற்றிய தீர்மானப்படி, பாதுகாப்பு அவையில் தடை வாக்கு விழுந்தால் பத்து வேலை நாட்களுக்குள் பொது அவை கூடி விவாதிக்க வேண்டும். தடுத்தவர் எல்லா நாடுகளின் முன்னாலும் காரணம் சொல்லும் நிலை வந்தது. போதாது, ஆனால் தடுப்பது இலவசமாக இருந்த காலத்தைவிட மேல்.

ஜெனீவாவில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது, அதில் இந்தியா இல்லை என்பதுதான் என் கவலை. தகராறுத் தீர்வு ஒப்பந்தத்தின் 25-வது பிரிவு இரு நாடுகள் ஒப்பினால் நடுவர்களிடம் போகலாம் என்கிறது. அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, பிரேசில், ஆஸ்திரேலியா, சீனா முதலான நாடுகள் தங்களுக்குள் ஒரு தற்காலிக மேல்முறையீட்டு ஏற்பாட்டைச் செய்துகொண்டன. ஜப்பான் 2023-ல் சேர்ந்தது, பிலிப்பைன்ஸ் 2024-ல், பிரிட்டனும் மலேசியாவும் 2025-ல். பாகிஸ்தானும் உள்ளே இருக்கிறது. இப்போது 50-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கொலம்பியா போட்ட வரி பற்றிய வழக்கில் 2022 டிசம்பரில் முதல் தீர்ப்பு வந்தது, 90 நாள் கெடுவுக்குள். யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல், இருப்பவர்களைக் கொண்டு விதியை நடத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இதில் சேர்ந்தால் முழு மன்றத்தை மீட்கும் அழுத்தம் குறைந்துவிடும் என்பது டெல்லியின் தயக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம். இத்தனை ஆண்டுகள் சேராமல் இருந்து கூடிய அழுத்தம் எதுவும் இல்லை. சர்க்கரையிலும் கைப்பேசியிலும் தோற்ற வழக்குகள் உயிர்பெற்று வரும் என்ற கவலை இன்னும் நேரடியானது, புரிந்துகொள்ளவும் கூடியது; கரும்பு விவசாயியின் நலன் அதில் இருக்கிறது. அதற்கு வழி, சேரும்போதே இனி வரும் வழக்குகளுக்கு மட்டும் என்று பேசி முடித்துக்கொண்டு, பழையவற்றை 2023-ல் அமெரிக்காவோடு ஏழு வழக்குகளைப் பேசித் தீர்த்ததைப் போல ஒவ்வொன்றாகத் தீர்ப்பது. ஐரோப்பா கார்பனுக்காக நம் இரும்பின் மீது எல்லை வரி விதிக்க முனைந்திருக்கிறது. அதை எதிர்த்து நாளை நாம் வழக்காட நேரும். அப்போது 1998-ன் இறால் வழக்கில் கேட்ட அதே கேள்விகளைத்தான் கேட்போம்: எங்களோடு பேசினீர்களா, போதிய அவகாசம் தந்தீர்களா, காரணத்தை எழுத்தில் தந்தீர்களா? அந்த இடைக்கால ஏற்பாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பினர். நாமும் உறுப்பினராக இருந்தால் மேல்முறையீட்டில் அந்தக் கேள்விகளைக் கேட்டு இறுதித் தீர்ப்பைப் பெற மூன்று பேர் இருப்பார்கள். இல்லையென்றால் இருக்க மாட்டார்கள்.